நடுத்தெருவில் சும்மா நிற்பது எப்படிக் கலை ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் தெரு நூலகத்து மாடியில் ஒரு புரொஜெக்டரையும் ஒரு பாத்திரம் சுண்டலையும் வைத்துக்கொண்டு வீடியோ கலை பற்றிப் பேசுகிறோம். நெரிசலான பொது இடத்தில் அசையாமல் நிற்கும் கலைஞர்களைப் பற்றி, முக்கியமாகக் கொரியக் கலைஞர் கிம்சூஜாவின் ‘ஊசிப் பெண்’ வீடியோவை வைத்து, இதுவரை மூன்று கூட்டம் நடத்தியாயிற்று. மூன்றிலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் என் பொறுப்பு.

முதல்ல இதைச் சொல்லுங்க, அந்த வீடியோவுல என்னதான் நடக்குது?

ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நடுத்தெருவில் நிற்கிறார். சாம்பல் நிற உடை. நீளக் கூந்தலைப் பின்னால் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கைகள் இரண்டும் பக்கத்தில் சும்மா தொங்குகின்றன. எதிரிலிருந்து கூட்டம் வருகிறது, அவரை உரசாமல் இரண்டாகப் பிரிகிறது, நம்மையும் தாண்டிப் போய்விடுகிறது. 6 நிமிடம் 33 நொடி இதுதான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். நடுவில் வெட்டு கிடையாது, கேமரா அசைவதும் கிடையாது.

படைத்தவர் கிம்சூஜா, 1957இல் தென் கொரியாவின் டேகு நகரில் பிறந்தவர். படைப்பின் பெயர் ‘எ நீடில் வுமன்’, நம் பேச்சில் ‘ஊசிப் பெண்’. 1999 முதல் 2001 வரை டோக்கியோ, ஷாங்காய், டெல்லி, நியூயார்க், மெக்சிகோ சிட்டி, கெய்ரோ, லாகோஸ், லண்டன் என எட்டு நகரங்களில் இப்படி நின்றார். பெயரைப் பிரித்து எழுதிவிடாதீர்கள். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற பாகுபாடு வேண்டாம் என்று அவரே ஒரே சொல்லாகச் சேர்த்துக்கொண்டார். பாஸ்போர்ட் படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்தின் முன் விழித்த தமிழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சும்மா நிக்கிறதுக்குப் பேரு கலையா? பஸ் ஸ்டாப்ல நானும் தினம் நிக்கிறேனே.

நீங்கள் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். பஸ் வந்தால் போய்விடுவீர்கள். தெருவில் நிற்கிற யாரைப் பார்த்தாலும், எதற்காக நிற்கிறார் என்பதை அரை நொடியில் கண்டுபிடித்துவிடுகிறோம்: ஆட்டோவுக்கு, ஆளுக்கு, சிக்னலுக்கு, வெயிலுக்கு ஒதுங்கி. கிம்சூஜா நிற்பதற்கு அப்படி ஒரு காரணம் கிடைப்பதில்லை. காரணம் கிடைக்காதபோதுதான் கண் அங்கேயே தங்குகிறது.

தங்கிய கண் கொஞ்ச நேரத்தில் அவரை விட்டுவிடும். சொல்லிவைத்தாற்போல் எல்லோருக்கும் இது நடக்கிறது. இரண்டாவது நிமிடத்துக்குள் நீங்கள் அவரைப் பார்ப்பதை நிறுத்தி, வருகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள். ஒருவர் தோள்பையை மாற்றிப் போடுகிறார், ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிறார். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது வெறும் நீர்ப்பரப்பைப் பார்த்தால் தெரியாது, பாலத்துத் தூணைப் பார்த்தால் தெரியும். இந்தப் பெண் அந்தத் தூண். படம் தண்ணீரைப் பற்றியது.

இதை எப்படி யோசிச்சுப் பிடிச்சாங்க? ரூம் போட்டு யோசிச்சாங்களா?

இல்லை. 1999இல் டோக்கியோவில் நடந்துகொண்டே ஏதோ ஒரு நிகழ்வைப் படமாக்க வேண்டும் என்றுதான் கேமரா ஆளோடு கிளம்பினார். என்ன செய்வது என்று பிடிபடாமல் நெடுநேரம் அலைந்தார். ஷிபுயாவுக்கு வந்து, அலை அலையாக எதிரே வந்த ஜனத்தைப் பார்த்ததும் அடுத்த அடி வைக்க முடியவில்லை. அங்கேயே நின்றுவிட்டார். நடப்பதற்காகப் போட்ட திட்டம் நிற்பதில் முடிந்தது. மற்ற ஏழு நகரங்களும் அதற்குப் பிறகு வந்தவை.

ஊசிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கையில ஊசியே இல்லையே?

அவர் துணியிலிருந்து வந்தவர். 1983இல் அம்மாவோடு உட்கார்ந்து படுக்கை விரிப்பு தைத்துக்கொண்டிருந்தபோது, ஊசி துணிக்குள் இறங்கிய அந்தக் கணம் மின்சாரம் போல் உடம்பெல்லாம் ஓடியதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு பழைய கொரியப் படுக்கை விரிப்புகளில் மூட்டை கட்டுவதே அவருடைய அடையாளம் ஆயிற்று. கொரிய மொழியில் அந்த மூட்டைக்கு ‘பொத்தாரி’ என்று பெயர். 1997இல் மூட்டைகளை ஏற்றிய லாரியின் மேல் உட்கார்ந்து கொரியா நெடுகப் பயணம் செய்தார்.

ஊசி துணியை நூலால் இணைத்துவிட்டு வெளியே வந்துவிடும். துணியில் அது மிச்சமில்லை. தெருவில் தன் உடம்பை அப்படி ஒரு ஊசியாக வைத்துப் பார்த்தார் என்பதுதான் பெயரின் கதை. எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி, “மாங்காட்டு காமாட்சி ஊசிமுனையில நின்னு தவம் பண்ணா, தெரியுமில்ல?” என்று கேட்டார். கிம்சூஜாவுக்கு மாங்காடு தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அன்றைக்கு அதற்கப்புறம் யாரும் ‘ஊசி எங்கே’ என்று கேட்கவில்லை.

முகத்தைக் காட்டியிருந்தா நமக்குக் கொஞ்சம் புரிஞ்சிருக்குமே?

முகம் தெரிந்தால் அதையே படித்துக்கொண்டிருப்போம். பயமா, சலிப்பா, அழப்போகிறாரா என்று. நடிப்பைப் பார்க்கிற பழக்கம் நமக்கு அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. முதுகு எதையும் சொல்லாது. அவர் பார்க்கும் திசையிலேயே நாமும் பார்க்கும்படி ஆகிறது, அவர் நம் முன்வரிசை ஆள் மாதிரி.

சத்தமே வரலையே, ஸ்பீக்கர் ரிப்பேரா?

மூன்று கூட்டத்திலும் இந்தக் கேள்வி வந்தது. ஒருமுறை ஒரு தம்பி எழுந்துபோய் வயரைப் பிடுங்கிச் சொருகியும் பார்த்துவிட்டார். ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. படமே மௌனமானதுதான்.

லாகோஸ் சந்தையும் டோக்கியோ குறுக்குச் சாலையும் காதுக்கு வேறு வேறு உலகம். ஒலியை எடுத்துவிட்டால் கண்ணுக்கு மட்டும் வேலை. எட்டு நகரங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடிகிறது.

யூடியூப்ல பார்த்தா போதாதா? எதுக்கு கேலரிக்குப் போகணும்?

போதாது என்றுதான் சொல்வேன், போக வசதி இல்லாதவர்களில் ஒருத்தியாக இருந்துகொண்டு. முறைப்படி காட்டும்போது எட்டு வீடியோக்களும் ஒரே அறையில், ஆளுயரத்துக்குச் சுவர்களில் விழும். பார்க்கிறவர் நடுவில் நிற்க வேண்டும். எட்டுத் திசையிலிருந்தும் கூட்டம் உங்களை நோக்கி வரும். போனில் பார்த்தால் கட்டைவிரல் பத்தாவது நொடியில் அடுத்ததற்குத் தள்ளிவிடும்.

நூலகத்து மாடியில் இணையத்தில் கிடைக்கும் துண்டுகளை ஒரே சுவரில்தான் பார்க்கிறோம். மூலத்தின் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஜிபில ஒரு சிலை மனிதர் நிப்பாரே, அவரும் இதைத்தானே பண்ணாரு?

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை விஜிபி பூங்காவுக்குச் சுற்றுலா போன எல்லாக் குழந்தைகளும் அவர் முன்னால் நின்று முகத்தைக் கோணிக் காட்டியிருக்கிறோம். சிரிக்க வைக்க முடிந்ததா? உடற்பயிற்சியாகப் பார்த்தால் அவர் செய்தது இதைவிடக் கடினம். ஆறு நிமிடக் கதை இல்லை அது, ஆண்டுக்கணக்கான உழைப்பு.

வித்தியாசம் எங்கே என்றால், அவரைப் பார்க்கத்தான் நாம் போனோம். தலைப்பாகை, மீசை, கம்பீரம் எல்லாமே ‘என்னைப் பார்’ என்றன. அது ஒரு போட்டி, நாம் தோற்போம் என்று தெரிந்தே ஆடியது. கிம்சூஜாவின் தெருவில் இருப்பவர்கள் அவரைப் பார்க்க வந்தவர்கள் அல்ல. அவர் உடையும் கண்ணை இழுக்காது. பார்த்தாலும் சரி, பார்க்காமல் போனாலும் சரி, இரண்டுமே படத்தில் சேரும். இதனால் ஒருவர் உசத்தி, ஒருவர் மட்டம் என்று ஆகிவிடாது.

மேனிக்வின் சேலஞ்ச் வந்தப்போ எங்க காலேஜே ஃப்ரீஸ் ஆச்சே, அது?

2016இல் வந்த அந்த விளையாட்டுக்கு முன்பே, 2008இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் உறைந்து நின்ற வீடியோ உலகம் சுற்றியது. செய்தது ‘இம்ப்ராவ் எவ்ரிவேர்’ என்ற குழு. பார்க்க ஜாலியாக இருக்கும். நேரம் முடிந்ததும் எல்லோரும் எதுவுமே நடக்காததுபோல் நடந்துபோக, சுற்றி நின்றவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல்தான் அதன் இலக்கு. கிம்சூஜாவின் தெருவில் கைதட்ட யாரும் இல்லை.

எந்த ஊர்க்காரங்க திரும்பிப் பார்த்தாங்க? டெல்லில நம்மாளுங்க என்ன பண்ணாங்க?

முறைத்துப் பார்த்தார்கள். வேறென்ன! டெல்லியில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். லாகோஸில் பிள்ளைகள் எதிரே வந்து நின்றுகொண்டே பார்க்கிறார்கள். டோக்கியோவில் அவர் இருப்பதே யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் தோளைச் சாய்த்து விலகுவதுகூட அனிச்சையாக நடக்கிறது.

இதை வைத்து ‘ஜப்பான்காரர்களுக்கு நாகரிகம், நமக்கு இல்லை’ என்று ஒருவர் கூட்டத்தில் ஆரம்பித்தார். நான் தலைகீழாகப் பார்க்கிறேன். நின்றுவிட்ட ஒரு ஆளைப் பார்த்துத் தானும் நிற்கிற தெருவில், மயங்கி விழுந்தால் தூக்க ஆள் இருக்கும். அதே தெருவில் ஒதுங்கியிருக்க இடம் கிடைக்காது என்பதும் உண்மை. இன்னொன்று, 6 நிமிடத்தை வைத்து ஒரு ஊருக்கு மார்க் போடக் கூடாது. அவர் நின்ற மூலையில் அன்றைக்கு நடந்தது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

இந்தக் கேள்வி பிடித்தவர்கள் மெக்சிகோ சிட்டியில் பிரான்சிஸ் ஆலிஸ் என்ற கலைஞர் செய்ததையும் பாருங்கள். 2001இல் ஒரு சதுக்கத்தில் நின்று அண்ணாந்து மேலே பார்த்தார். ஒவ்வொருவராக வந்து, அவர் எதைப் பார்க்கிறார் என்று தாங்களும் அண்ணாந்தார்கள். கும்பல் சேர்ந்ததும் அவர் நழுவிவிட்டார். பள்ளிக்கூட வாசலில் நாம் எல்லோரும் செய்த சேட்டைதான். 1999இல் அவரே, அந்த நகரின் பெரிய சதுக்கத்துக் கொடிக்கம்பத்து நிழலை 12 மணி நேரம் படமெடுத்தார். வெயில் தாங்காத ஜனம் அந்த ஒல்லி நிழலுக்குள் வரிசையாக நிற்கிறது. நிழல் நகர நகர வரிசையும் நகர்கிறது. கலைஞர் நிற்கவே இல்லை, ஊர் நிற்கிறது. எனக்கு ‘ஊசிப் பெண்’ணுக்கு இணையாகப் பிடித்தது இது.

அப்போ ஓ.பி.எஸ். மெரினாவுல கண்ணை மூடி உட்கார்ந்ததும் பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்டா?

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நினைவில்லாத இளையவர்களுக்காக: 2017 பிப்ரவரி 7 இரவு, அப்போதைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் சுமார் 40 நிமிடம் அசையாமல் அமர்ந்திருந்தார். அந்த 40 நிமிடமும் டி.வி. முன்னால் ஒரு மாநிலமே அசையாமல் இருந்தது என்பது உண்மை. ஆனால் எழுந்ததும் பேசினார், பேட்டி கொடுத்தார். அவருடைய அசையாமை பேச்சுக்கு முன்னுரை. கிம்சூஜா எழுந்துவந்து எதையும் சொல்வதில்லை.

40 நிமிடம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சீனக் கலைஞர் சோங் டோங், 1996இல் உறையும் குளிரில், பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்தில் 40 நிமிடம் குப்புறப் படுத்து தரையில் மூச்சு விட்டார். மூச்சின் ஈரம் தரைக்கல்லில் மெல்லிய பனித்தகடாகப் படிந்தது. பிறகு உறைந்துகிடந்த ஒரு ஏரியின் மேல் அதே 40 நிமிடம். பனிக்கட்டியில் ஒரு மாற்றமும் இல்லை. 1989இல் அந்தச் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுத் திரண்ட மாணவர்களை ராணுவம் ஒடுக்கியது தெரிந்தவர்களுக்கு அவர் வேறெதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இது கலையா, போராட்டமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

இரண்டில் ஒன்று சொல்ல முடியாத ஒரு மனிதர் இருக்கிறார். எர்டெம் குண்டுஸ், துருக்கிய நடனக் கலைஞர். 2013 கோடையில் இஸ்தான்புல் கெசி பூங்காவில் நடந்த போராட்டத்தைப் போலீஸ் கலைத்தது. ஜூன் 17 மாலை இவர் பக்கத்து தக்சிம் சதுக்கத்துக்கு வந்து, பையைக் கீழே வைத்து, கைகளைப் பாக்கெட்டில் விட்டு, எதிரே அட்டாதுர்க் கலாசார மையத்தைப் பார்த்தபடி நின்றார். கோஷம் இல்லை, தட்டி இல்லை. போலீஸ் வந்து சோதித்தது. நிற்கிறான் என்பதைத் தவிரக் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய எட்டு மணி நேரம் நின்றார். இரவுக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் சுற்றி வந்து அதே மாதிரி நின்றார்கள். அவர்களில் சிலரைத்தான் போலீஸ் பிடித்துப்போனது.

கூடினால் சட்டம் பாயும் என்கிற இடத்தில், தனி ஆள் நிற்பதை என்ன பெயர் சொல்லித் தடுப்பது? அந்தத் திண்டாட்டத்தைப் போலீஸின் கையில் கொடுத்தார். உடம்பை வைத்துத் தொழில் செய்கிற ஒருவருக்குத்தான் அந்த யோசனை வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு நேர் எதிர், செக்கோஸ்லோவாக்கியக் கலைஞர் யிர்ஜி கோவாண்டா. 1976 நவம்பர் 19 அன்று பிராக் நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்து நடைபாதையில், எதிரே வருகிறவர்கள் நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். ஒரு போட்டோ, தட்டச்சு செய்த ஒரு தாள், அவ்வளவுதான் மிச்சம். அடக்குமுறைக் காலம் என்பதால் எல்லோரும் அதில் அரசியலைத் தேடுகிறார்கள். அவரோ அது கூச்சத்தைப் பற்றியது, மனிதர்களை நெருங்குவதைப் பற்றியது என்கிறார்.

கூட்டத்துல போறவங்க கிட்ட அனுமதி வாங்கினாங்களா? என் மூஞ்சி யாரோ கேலரியில ஓடினா நான் விடமாட்டேன்.

நடுச்சாலையில் ஆயிரம் பேரிடம் யாராலும் கையெழுத்து வாங்க முடியாது. இதே சண்டை அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் டைம்ஸ் சதுக்கத்தில் போகிறவர்களை அவர்களுக்குத் தெரியாமலே எடுத்தார். படத்தில் இருந்த ஒருவர் தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். இது கலை, வியாபார விளம்பரம் அல்ல என்று 2006இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அது அந்த ஊர்ச் சட்டம்.

சட்டத்தை விடுங்கள், உங்கள் கோபம் நியாயமானது. மேலே ‘படம் தண்ணீரைப் பற்றியது’ என்று சொன்னேனே, அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு முகம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம்: இதில் யாரையும் தனியாக எட்டிப் பிடித்துக் காட்டவில்லை. வருகிறார்கள், போகிறார்கள்.

வெளிநாட்டுக்காரங்க ஏழை ஊருக்கு வந்து நின்னுட்டு, படத்தை வெனிஸ்ல காட்டுறது சுரண்டல் இல்லையா?

2005இல் இதன் இரண்டாம் பாகத்துக்கு அவர் போன ஊர்கள்: நேபாளத்தின் பாட்டன், ஹவானா, ரியோ டி ஜெனிரோ, சாட் நாட்டின் என்ஜமீனா, ஏமனின் சனா, ஜெருசலேம். வன்முறையும் வறுமையும் பிரிவினையும் கண்ட ஊர்களாகப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். இம்முறை படத்தின் வேகத்தையும் குறைத்துவிட்டார். அதே ஆண்டு வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் காட்டினார். ஆகவே கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

நிற்பதில் எனக்கு உறுத்தல் குறைவு. டோக்கியோவிலும் லண்டனிலும் எப்படி நின்றாரோ அப்படியேதான் எல்லா இடத்திலும் நின்றார். அவருடைய வேறு இரண்டு படைப்புகள்தான் உறுத்துகின்றன. ஒன்றில் கெய்ரோ, மெக்சிகோ சிட்டி, லாகோஸ் தெருக்களில் பிச்சைக்காரியாகக் கையேந்தி உட்கார்ந்தார். இன்னொன்றில் டெல்லியிலும் கெய்ரோவிலும் வீடற்றவராகத் தெருவில் படுத்தார். நிஜமாகவே அங்கே படுத்திருப்பவர்களுக்குக் கேமராவை நிறுத்தும் வசதி கிடையாது. கலைஞர்களை மதிக்கிறேன் என்பதற்காக இதை விழுங்கிக்கொள்ள எனக்கு முடியவில்லை.

அதற்கு மாற்றாக, அதே டெல்லியில் 2000இல் யமுனையின் முன் நின்று எடுத்ததைப் பாருங்கள். பின்னால் நாம், முன்னால் ஆறு. சுடுகாட்டுப் பக்கமிருந்து பூவும் குப்பையும் மிதந்து வருகின்றன. நிற்க நிற்க, நகர்வது ஆறா தானா என்று குழம்பிப்போனதாக அவரே சொல்லியிருக்கிறார். பார்க்கிற நமக்கும் அதே குழப்பம் வரும்.

யார் வேணா நின்னுட்டு இது கலைன்னு சொல்லிட்டா, நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். யானை, நாகர், தேவர் என்று அத்தனை கூட்டத்தின் நடுவே ஒருவர் ஒற்றைக்காலில், கைகளைத் தலைக்குமேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்கிறார். கீழே யானைக்குப் பக்கத்தில், எலிகளை ஏமாற்றத் தவசி வேடம் போட்ட ஒரு பூனையும் அதேபோல் நிற்கிறது, காலடியில் எலிகள். நின்ற கோலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே கோலத்தைப் பார்க்காதீர்கள், அக்கம்பக்கத்தில் என்ன எலி இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு ஆம்பளை நின்னா இப்படிப் பேசுவீங்களா? ஒரு பொண்ணு நின்னா மட்டும் ஏன் இவ்ளோ பேச்சு?

குண்டுஸ் எட்டு மணி நேரம் நின்றதைப் பற்றியும்தான் பேசினோம். ஆனால் கேள்விக்குள் ஒரு நிஜம் இருக்கிறது. டீக்கடை வாசலில் ஒரு ஆண் ஒரு மணி நேரம் நின்றால் அவர் நிற்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பெண் ஐந்து நிமிடம் நின்றால் அது ஒரு செய்தி. கையில் பை, போன், குழந்தை என்று ஏதாவது சாக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூருவில் 2003இல் தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ என்ற இயக்கம் இதையே கையில் எடுத்தது. அவர்கள் அழைப்பில் பெண்கள் பல ஊர்ப் பூங்காக்களில் ஒன்றுகூடிப் பட்டப்பகலில் பாயை விரித்துத் தூங்கினார்கள். தூங்கத்தான் முயன்றார்கள் என்று சொல்வது சரி. முதல் தடவை கண்ணை மூட எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்க நின்னு பார்த்திருக்கீங்களா?

ஒரே ஒரு தடவை. தி.நகர் ரங்கநாதன் தெரு, ஆடித் தள்ளுபடி, மாலை ஆறு மணி. கேமரா இல்லை. 6 நிமிடம் 33 நொடிக்கு போனில் அலாரம் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். முதல் நிமிடம் முழுக்க இடிதான். ‘ஓரமா நில்லும்மா’ நாலு தடவை. கட்டைப்பையின் ஏதோ ஒரு முனை முழங்காலில் குத்தியது. மூன்றாவது நிமிடம் வாக்கில் இடி குறைந்தது. நான் ஒதுங்கவில்லை, அவர்கள் என்னை ஒரு கம்பம் என்று முடிவுசெய்துவிட்டார்கள். அப்புறம்தான் தெரு தெரிந்தது: எல்லோருமே வாய் சிறிது திறந்தபடி, பார்வையை மாடிப் பலகைகளில் வைத்துக்கொண்டு, கால் என்ன செய்கிறது என்று தெரியாமல் வருகிறார்கள்.

நாலரை நிமிடத்தில் ஒரு பெரியம்மா என் முழங்கையைப் பிடித்தார். “யாரையாச்சும் தொலைச்சிட்டியாம்மா?” இல்லை என்று தலையாட்டினேன். அசையக் கூடாது என்ற விதி அங்கேயே போயிற்று. அவர் நம்பவில்லை. அலாரம் அடிக்கும்வரை என் கையை விடாமல் பக்கத்திலேயே நின்றார். அலாரம் அடித்ததும், பத்தடி தள்ளிக் கர்ச்சீப் விற்றுக்கொண்டிருந்த பையன், “என்னக்கா, முடிஞ்சுதா?” என்றான். காலையிலிருந்து அதே இடத்தில் நிற்கிறவன். அந்தத் தெருவில் முதல் நொடியிலிருந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான்.

இதை நாங்க பண்ணினா போலீஸ் கேட்குமா?

தனியாகச் சும்மா நிற்கிற வரைக்கும் பெரும்பாலும் ‘என்ன விஷயம்’ என்பதோடு முடியும். டிரைபாட் வைத்தால் கதை வேறு. ரயில் நிலையம், மெட்ரோ போன்ற இடங்களில் படமெடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள், பையைப் பார்த்துக்கொள்ளவாவது.

நடுவுல நின்னு பார்க்கணும்னு சொல்றீங்க, அப்போ நாற்காலி கிடையாதா?

உண்டு. பத்து இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதலில். மற்றவர்கள் ஒரு சுற்று மட்டும் நின்று பாருங்கள். சுண்டல் அதற்கப்புறம்தான்.